எண் பழையது, மருந்து புதியது

சங்கங்களின் சந்தாக் கணக்கும் அர்ச்சனைச் சீட்டும் கம்ப்யூட்டரில் ஏறிவிட்ட காலம் இது. ஆகவே அதன் ஆரோக்கியத்தைப் பற்றியும் அன்பர்கள் சற்று அறிந்திருத்தல் நலம்.

2014ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி 'ஹார்ட்பிளீட்' என்னும் கோளாறு வெளியாயிற்று. இணையத்தில் செய்திகளை மறைத்து அனுப்ப உதவும் 'ஓபன்எஸ்எஸ்எல்' என்ற மென்பொருளில் இருந்த ஓட்டை அது. கடவுச்சொற்களும் இரகசியச் சாவிகளும் அதன் வழியே கசியக்கூடும். 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை எல்லாப் பதிப்புகளும் பழுதுள்ளவை, 1.0.1ஜி திருத்தப்பட்டது. டெபியன் லினக்ஸ் 7 வைத்திருந்தவர்கள் புதுப்பித்துவிட்டுப் பார்த்தால், எண் 1.0.1இ என்றே நின்றது! திகைப்பு ஏற்பட்டதில் வியப்பில்லை.

உண்மையில் பழுது நீங்கியிருந்தது. புதிய பதிப்பிலிருந்து அந்த ஓட்டையை அடைக்கும் சில வரிகளை மட்டும் எடுத்துப் பழையதில் தைத்திருந்தார்கள். எண்ணின் வாலில் ஒட்டியிருந்த சிறு குறிதான் அதற்கு அடையாளம். (சேவைகளை மறுபடி தொடங்கவும், சாவிகளை மாற்றவும் வேண்டியிருந்தது வேறு விஷயம்.) காலில் முள் தைத்தால் முள்ளை எடுப்பார்களே தவிர, காலை மாற்றுவார்களா? முழுப் புதுப் பதிப்பு வந்தால் அதனுடன் வேறு மாற்றங்களும் வரும்; அதை நம்பியிருக்கும் மற்ற மென்பொருள்கள் தடுமாறலாம்.

1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன், தொண்டர்களால் நடைபெறுவது. ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒரு முறை 'நிலைத்த பதிப்பு' வெளிவரும். அதன்பின் பதிப்பு எண்களை அநேகமாக அசைக்கமாட்டார்கள். கணக்கு எழுதும் இயந்திரத்துக்கு இந்தப் பிடிவாதம் மிகவும் ஏற்றது.

ஆயினும் சில சமயம் புதியதே தேவைப்படும். 2023 ஜூனில் வந்த டெபியன் 12இன் கெர்னல் 6.1. அதற்குப் பின் கடைக்கு வந்த மடிக்கணினியின் வைஃபை சாதனத்தை அது அறியாமற் போகலாம். இதற்குத்தான் 'பேக்போர்ட்ஸ்' என்னும் களஞ்சியம். தொண்டர்கள் தனியே நடத்திவந்த இது 2010இல் டெபியனின் அதிகாரபூர்வச் சேவையாயிற்று. அடுத்த பதிப்புக்காகச் சோதனையில் இருக்கும் பொதியை எடுத்து, பழைய பதிப்பின் நூலகங்களுக்குப் பொருந்துமாறு மீண்டும் கட்டித் தருகிறார்கள். இரத்தம் ஏற்றுமுன் வகை பொருத்திப் பார்ப்பது போல. அப்படிச் செய்யாமல் சோதனைப் பொதியை நேரே இறக்கினால், அது தன் சுற்றத்தார் அனைவரையும் இழுத்து வந்துவிடும்!

இக்களஞ்சியப் பொதிகள் தாமாக வந்து சேர்வதில்லை. பெயர் சொல்லிக் கேட்டால்தான் வரும். நிலைத்த பதிப்பின் அளவுக்குச் சோதிக்கப்பட்டவையும் அல்ல. ஆகவே கெர்னல் போன்ற ஒன்றிரண்டோடு நிறுத்துவதே உசிதம். கைக்கு எட்டியதையெல்லாம் இறக்குகிறவர், நிலைத்த பதிப்பைத் தேர்ந்ததன் பயனையே இழக்கிறார். அதைவிட மோசம், எதுவும் கெட்டுவிடுமோ என்றஞ்சி பாதுகாப்புத் திருத்தங்களையும் நிறுத்திவைப்பது. சங்கக் கணக்கின் நகலை வேறிடத்தில் வைத்துவிட்டு அவற்றை ஏற்றுக்கொள்ளலாம்.

பேக்போர்ட்ஸ் பொதியின் எண்ணில் ஓர் அலைக்குறியும் 'பிபிஓ' என்ற எழுத்துகளும் இருக்கும். அலைக்குறி பெற்ற எண், அது இல்லாத அதே எண்ணுக்குச் சற்றுத் தாழ்ந்ததாகவே கணக்கிடப்படும். ஆதலால் 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13க்கு மாறும்போது, இரவல் பொதி இடம் விட, உரிய பொதி அங்கே வந்து அமர்ந்துகொள்ளும்.