தங்காளும் பாரி இளவரசியும்: ஒப்பாய்வு தொடங்க வேண்டிய இடம்

தமிழ் - கொரிய ஒப்பாய்வு என்றவுடன் ‘அம்மா’, ‘அப்பா’ எனத் தொடங்கும் சொற்பட்டியலும், ‘சம்குக் யுசா’ குறிப்பிடும் அயுத நாட்டு இளவரசியைப் பாண்டி நாட்டவளாக நிறுவும் முயற்சியுமே முன்வருகின்றன. முதல் நூற்றாண்டு நிகழ்வுக்கு 13ஆம் நூற்றாண்டுத் தொகுப்பைச் சான்றாக்குவதன் இடர்ப்பாட்டை இங்கு விரிக்க வேண்டியதில்லை. ஒலியொப்புமை தேடும் ஆய்வு, சடங்கொப்புமையைக் காணாது விடுகிறது என்பதே என் கருத்து.

கொரியச் சாமியாடிப் பெண்டிர் இறந்தோர்க்குரிய சடங்கில் பாடுவது பாரி இளவரசியின் கதை. (வள்ளல் பாரியை இங்கு நினைப்பவர் சொற்பட்டியலாளராகவே இருத்தல் வேண்டும்.) ஏழாவதும் பெண்ணாகப் பிறந்ததால் கைவிடப்பட்ட அவள், மறுவுலகம் சென்று உயிர்நீர் கொணர்ந்து பெற்றோரை மீட்கிறாள். அண்ணன்மார் கதையில் தங்காள், மாய்ந்து கிடக்கும் பொன்னரையும் சங்கரையும் தெய்வ அருளால் எழுப்புகிறாள். அவர்கள் சிறிது பேசி மீண்டும் மறைகின்றனர். வீரப்பூரிலும் கொங்கின் ஊர்க்கோயில்களிலும் படுகளத்தில் அருள்வந்தோர் பிணம்போல் விழுவதும் எழுப்பப்படுவதும் இன்றும் நிகழ்கின்றன. உடுக்கை ஒலிக்கும் அக்களத்தில் கதையின் நடுவே நிற்பவள் தங்கையே. ஆயின், பாரி மீட்டது முழுவாழ்வை. தங்காளுக்குக் கிட்டியதோ விடைபெறும் பொழுது மட்டுமே. ஒப்பிட வேண்டிய இடம் இது.

இக்காலப் படைப்புகளை நோக்கின் ஏற்றத்தாழ்வு புலனாகும். ஹ்வாங் சொக்-யோங் 2007இல் எழுதிய நாவலில் பாரி, வடகொரியாவிலிருந்து இலண்டன்வரை அலையும் ஏதிலிப் பெண்ணாகிறாள். நம்மிடமோ, கலைஞர் மு. கருணாநிதியின் ‘பொன்னர் சங்கர்’ நாவலும் அதனடியாக 2011இல் வந்த திரைப்படமும் தலைப்பிலேயே தங்கையை விட்டுவிட்டன. வீரமும் பகைமுடித்தலும் மேலோங்க, ஒப்பாரி ஒதுங்கிற்று. குலப்பெருமைக்குச் சான்று தேடுவோர்க்கும் இவ்வடிவமே வசதியாகிறது. வேட்டுவர் பக்கத்து நியாயத்தை அவர்கள் கேட்பதில்லை.

காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கிய பிரெண்டா பெக், 1965இல் இக்கதையை ஒலிப்பதிவு செய்தார். 1982இல் வெளிவந்த அவரது ஆய்வுநூலின் தலைப்பு, ஒருசேரப் பிறந்தோர் மூவர் என எண்ணுகிறது. தங்காளும் அம்மூவருள் ஒருத்தி. ஒரே பாடகர் ஊரார்முன் பாடியதும், எழுதுவோர்க்குச் சொன்னதும் ஒன்றல்ல என்பதும் அந்நூலால் தெளிவாகும். எனினும் நம் ஆய்வு மாணவர் கையில் முதலில் கிடைப்பது அச்சுப்பனுவலே.

சொற்பட்டியலுக்கு முனைவர் பட்டத் தலைப்பு வழங்குவதை நெறியாளர்கள் ஓராண்டேனும் நிறுத்திவைக்கலாம். அவ்வாண்டு மாசியில், படுகளத்துத் தங்காள் பாடலைப் பதிவு செய்ய இருவரை வீரப்பூருக்கு அனுப்பலாம்.