கார்டு நம்பரை ஒப்படைத்தவருக்குக் கவலை இல்லையா?



போன மாதம் சங்கக் கூட்டம் முடிந்து வாசலில் நின்றபோது, கம்ப்யூட்டர் வழியாகவும் ஆர்டர் எடுக்கும் இளைய வணிகர் ஒருவர், "அண்ணாச்சி, கார்டு விவரம் எதையும் நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. பணம் வாங்கித் தரும் கம்பெனியிடம் விட்டுவிட்டோம். இனி எது நடந்தாலும் அவர்கள் பாடு" என்றார். முதல் பாதி சரி. கடைசிப் பேச்சுத்தான் நமக்கு உறுத்தியது.

வெளியில் ஒப்படைப்பதை நாம் குறை சொல்லவில்லை. நாடகம், கச்சேரி, பந்தயங்களுக்கு டிக்கெட் விற்போரிடம் ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் கார்டு நம்பரைக் கொடுக்கிறார்கள். அத்தனையையும் தம் கம்ப்யூட்டரில் வைத்துக் காப்பதென்றால், விசா, மாஸ்டர்கார்டு உள்ளிட்ட ஐந்து கார்டு கம்பெனிகள் 2006இல் அமைத்த மன்றத்தின் விதிகள் அனைத்தையும் கடைப்பிடிக்க வேண்டும். பெருஞ்செலவு. ஆகவே நம்பரை அத்தொழில் தெரிந்த கம்பெனியிடம் விட்டு, பதிலுக்கு ஓர் அடையாளக் குறியை வாங்கிக்கொள்கிறார்கள். ஆட்டம் ரத்தானால் பணத்தைத் திருப்ப அது போதும். திருடனுக்கோ அது பயன்படாது. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் 2018இல் இங்கிலாந்தில் டிக்கெட்மாஸ்டர் கம்பெனிக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். வாடிக்கையாளர் கேள்விகளுக்குத் தானாகப் பதில் சொல்லும் புரோகிராம் ஒன்றை வேறொரு கம்பெனியிடம் வாங்கி, பணம் கட்டும் பக்கத்திலேயே சேர்த்திருந்தார்கள். திருடர்கள் அந்தப் புரோகிராமில் புகுந்து, நம்பரைத் தட்டும்போதே அள்ளிக்கொண்டார்கள். ஏப்ரலிலேயே மோன்சோ வங்கி எச்சரித்தது. பணம் கட்டும் பக்கத்தைக் கண்காணிக்கத் தொடங்கவே ஒன்பது வாரம் ஆயிற்று! ஐரோப்பா முழுவதும் 94 லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். பார்க்ளேஸ் வங்கியின் கார்டுகளில் மட்டும் 60,000 மோசடிக்கு உள்ளாயின. டிக்கெட்மாஸ்டர் வெளிக்கம்பெனியைக் கைகாட்டியது. அவர்களோ, பணம் கட்டும் பக்கத்தில் வைக்கப்போவதை எங்களிடம் சொல்லவே இல்லை என்றார்கள். 2020 நவம்பரில் அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் விதித்த 12.5 லட்சம் பவுன் அபராதம் டிக்கெட்மாஸ்டர் தலையில்தான் விழுந்தது.

நம் மண்டி வழக்கமும் இதுதானே? மூட்டை லாரியில் நனைந்து போனால், சில்லறைக் கடைக்காரர் லாரி ஆபீசுக்கா போன் போடுகிறார்? நம்மைத்தான் பிடிக்கிறார்.

நம் நாட்டில் 2022 அக்டோபர் 1 முதல் கடைக்காரர் கார்டு நம்பரைச் சேமித்து வைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடைசி நான்கு இலக்கமும் கார்டு கொடுத்த வங்கியின் பெயரும் வைத்துக்கொள்ளலாம். இதற்கு முன்பு, கார்டின் இரு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக் கோப்பில் போட்டிருந்த ஒரு கடையை நாமே பார்த்திருக்கிறோம். பின்பக்கத்து மூன்று இலக்க எண்ணை, பணம் வந்தபின் எந்தக் கடைக்காரரும் எங்கும் வைத்திருக்கவே கூடாது.

ஆகவே ஒப்படைத்தவர்கள் சிலவற்றைக் கேட்டே ஆக வேண்டும். அக்கம்பெனியின் பாதுகாப்புச் சான்று இந்த ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டதா? திருட்டு நடந்தால் எத்தனை மணி நேரத்தில் நமக்குச் சொல்வார்கள்? எது அவர்கள் வேலை, எது நம் வேலை என்று எழுத்தில் இருக்கிறதா? பணம் கட்டும் பக்கத்தில் வேறு யாருடைய புரோகிராம் ஓடுகிறது?

அந்த இளைஞரிடமும் ஒப்பந்தக் காகிதம் எங்கே என்று கேட்டோம். சிரித்துக்கொண்டே, "காகிதம் ஏது அண்ணாச்சி? 'சம்மதம்' என்று வந்தது, அழுத்தினேன்" என்றார்.