சீதனமாகக் கைமாறிய ஊர்



'காலா கில்லா' என்று சொல்லி டிக்கெட் வாங்கி இறங்கும் நம்மில் எத்தனை பேர் அந்தக் கில்லாவைப் பார்த்திருக்கிறோம்? தாராவியின் ஓரத்தில், மித்தி ஆற்றின் பக்கம் நிற்கிறது அந்தக் கருங்கல் கோட்டை. பம்பாய் கவர்னர் ஜான் ஹார்ன் 1737-இல் கட்டுவித்தது என்று அதில் பதித்த கல்லே சொல்கிறது.

அன்று அந்த நீர்தான் எல்லை. மாட்டுங்கா ஆங்கிலேயர் பக்கம். செம்பூர் போர்த்துகீசியர் பக்கம். இன்று நாம் பத்து நிமிடத்தில் கடக்கிற தூரத்தில் இரண்டு சாம்ராஜ்யங்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. கோட்டை எழுந்த அதே ஆண்டில் மராத்தியர் போர்த்துகீசியரிடமிருந்து தாணேயைப் பிடித்தார்கள்.

இந்த எல்லை பிறந்தது ஒரு கல்யாணத்தில். 1661-இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸுக்கும் போர்த்துகல் இளவரசி கேதரீனுக்கும் நடந்த திருமண ஒப்பந்தத்தில் பம்பாய் சீதனம். அதோடு ஆப்பிரிக்கக் கரையின் டான்ஜியர் துறைமுகம், பிரேசிலில் வணிகம் செய்யும் உரிமை, இருபது லட்சம் குருசாடோ பணம். ரொக்கம் போதாமல் ஒரு பங்கைச் சர்க்கரையாகவே கப்பலில் ஏற்றினார்கள். போர்த்துகல்லுக்கு அன்று சர்க்கரை தந்தது பிரேசில். அங்கே கரும்பு வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். நம் ஊரின் கதையில் அவர்களுடைய வியர்வையும் இருக்கிறது என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

உலகத்தின் செல்வம் இவ்வளவுதான், அடுத்தவன் இழந்தால்தான் நமக்குச் சேரும் என்று அன்றைய ஐரோப்பிய அரசுகள் நம்பின. பாடப்புத்தகம் இதை வணிகவாதம் என்கிறது. துறைமுகத்தைப் பிடி, சுங்கத்தை உனதாக்கு, எதிரியின் கப்பலை உள்ளே விடாதே. அட்லாண்டிக் கடலில் நடந்த அதே போட்டிதான் மாஹிம் கழிமுகத்திலும் நடந்தது. 1668-இல் அரசர் இந்தத் தீவுகளைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். வாடகை, ஆண்டுக்குப் பத்து பவுண்டு பணம், பொன்னாக. இங்கே மீன்பிடித்து வாழ்ந்த கோலி மக்களை அப்போதும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தாராவியை மாற்றிக் கட்டும் பேச்சு வீட்டுக்கு வீடு நடக்கிற நேரம் இது. குடியிருப்பவர்களைக் கேட்காமல் இந்த மண் ஏற்கெனவே இரண்டு முறை கைமாறியிருக்கிறது. மூன்றாவது முறை அப்படி நடக்கக் கூடாது.

வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காலா கில்லாவைக் காட்டுங்கள். உங்கள் தாத்தா, பாட்டி காலத்துப் புகைப்படமோ நினைவோ இருந்தால் நமக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இடம் வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்