தச்சனும் சித்திரக்காரனும்

பெயர் பெற்ற சித்திரக்காரர் ஒருவரும் மரச்சாமான் வியாபாரி ஒருவரும் கூட்டுச் சேர்ந்து, நாற்காலி, மேஜை, அலமாரி முதலியவற்றை மஞ்சளும் சிவப்பும் நீலமுமாகச் செய்து விற்பது இப்போது பெரிய பட்டணங்களில் ஒரு நாகரிகமாகியிருக்கிறது. விலையைக் கேட்டாலோ, அந்த நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே தலை சுற்றித் தரையில் உட்கார நேரிடும்! "இதெல்லாம் மேனாட்டுப் பைத்தியம், தேக்கு மரமும் வார்னிஷும் நமக்குப் போதாவா?" என்கிறார்கள் பெரியவர்கள். "பழுப்பு நிறத்தையே பார்த்துக் கண் சலித்துவிட்டது" என்கிறார்கள் இளைஞர்கள். இரு தரப்பாருக்கும் நாம் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு.

வர்ணம் ஏறிய மரச்சாமான் தமிழனுக்குப் புதிதன்று. குழந்தை கண் வளரும் கடைசல் தொட்டிலும், நடை பழகும் நடைவண்டியும், விளையாடும் சொப்பும் வர்ணம் பூண்டவையே. நமது கோயில் வாகனங்களைப் பார்த்தவர்கள், மரத்தையும் வர்ணத்தையும் நம் முன்னோர் பிரித்துப் பார்க்கவில்லை என்பதை அறிவார்கள்.

அம்பாசமுத்திரத்துச் சொப்பையும் கர்நாடகத்துச் சன்னபட்டணாவின் பொம்மைகளையும் எடுத்துக்கொள்வோம். இவற்றுக்கு வர்ணம் ஏற்றப் பெரும்பாலும் தூரிகை வேண்டியதில்லை. கடைசல் பட்டறையில் கட்டை சுழன்றுகொண்டிருக்கும்போதே, வர்ணம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்திப் பிடிப்பார்கள். உராய்வினால் எழும் சூட்டில் அரக்கு உருகி மரத்தின்மேல் படியும். பிறகு ஓலையால் அழுத்தித் தேய்த்தால் கண்ணாடி போன்ற பளபளப்பு ஏறும். குஜராத்தில் சங்கேடா என்னும் ஊரில் இம்மாதிரி அரக்கு வேலையில் நாற்காலிகளும் ஊஞ்சல்களுமே செய்கிறார்கள். இத்தொழிலில் மரத்தைக் கடையும் கையும் வர்ணம் ஏற்றும் கையும் பக்கத்திலேயே இருக்கின்றன; பல சமயங்களில் இரண்டும் ஒரே கைதான்.

யந்திர யுகத்தில் இவ்விரு கைகளும் பிரிந்தன. தச்சன் கூலிக்காரனானான், சித்திரக்காரன் கலைஞனானான். இங்கிலாந்தில் இப்பிரிவினையைக் கண்டு மனம் நொந்தவர் வில்லியம் மாரிஸ். 1861-ஆம் ஆண்டில் அவர் தம் நண்பர்களான சித்திரக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு கம்பெனி தொடங்கி, படம் தீட்டிய பெட்டகங்களைச் செய்வித்தார். வேலை அழகாக அமைந்தது. ஆனால் அதை வாங்கச் சீமான்களால்தான் முடிந்தது. பொதுஜனங்களுக்காகப் பாடுபட விரும்பிய அவருக்கு அது கடைசிவரை ஆறாத புண்ணாக இருந்தது.

நமது தேசத்தில் இக்கேள்விக்கு வேறொரு விதமாக விடை தேடினார்கள். 1938-இல் ஹரிபுரா காங்கிரஸுக்காக மகாத்மா காந்தியின் வேண்டுகோளின்படி நந்தலால் வசு சித்திரங்கள் தீட்டினார். அவரும் அவருடைய மாணவர்களும் ஏறக்குறைய 400 படங்களை உருவாக்கினார்கள். பஞ்சடிப்பவனும் மேளம் கொட்டுபவனும் அவற்றில் நாயகர்கள். பார்க்க வந்தவர்களோ கிராமத்து ஜனங்கள். எம். எப். ஹுசேன் பிற்காலத்தில் உலகப் புகழ் அடைந்தவர். பம்பாயில் வறுமையோடு போராடிய நாட்களில் சினிமா விளம்பரப் பலகைகள் எழுதினார். குழந்தைகளுக்கான மரச்சாமான்களும் பொம்மைகளும் அமைத்துக் கொடுத்தார். அதனால் அவருடைய கலை குறைந்துவிடவில்லை. 1966-இல் கே. ஸி. எஸ். பணிக்கர் சென்னைக்கு அருகே சோழமண்டலம் கலைக் கிராமத்தை அமைத்தபோதும், கலைஞர்கள் பத்திக் துணி முதலிய கைத்தொழில்களைச் செய்து ஜீவித்துக்கொண்டே சித்திரம் எழுத வேண்டும் என்பதே ஏற்பாடு.

ஆகவே, சித்திரக்காரர் நாற்காலிக்கு வர்ணம் தேர்ந்து கொடுப்பதில் குற்றம் ஒன்றுமில்லை; அது வரவேற்கத் தக்கதே. நமது மனத்தை உறுத்துவது வேறு. நாற்காலியின் அடியில் சித்திரக்காரரின் கையெழுத்து இருக்கிறது. கம்பெனியின் முத்திரை இருக்கிறது. காலுக்கும் சட்டத்துக்கும் பொருத்து வைத்து, நம் பாரத்தைத் தாங்கும்படி செய்த தச்சனின் பெயர் எங்கே? வர்ணம் மங்கினால் மறுபடி தீட்டிக்கொள்ளலாம். பொருத்து விட்டுப்போனால் விழப்போகிறவர்கள் நாம்தானே?

மதுரையிலிருந்து கிழக்கே காரைக்குடிக்குச் சென்றால், முனீசுவரன் கோயில் தெருவில் பழைய செட்டிநாட்டு வீடுகளிலிருந்து பெயர்த்தெடுத்த கதவுகளும் தூண்களும் நாற்காலிகளும் கடை கடையாகக் குவிந்து கிடப்பதைக் காணலாம். அவற்றைச் செய்த தச்சர்களின் பெயர்கள் அவற்றில் பொறிக்கப்படவில்லை. கைத்திறமை சந்தைக்கு வந்துவிட்டது. கைக்கு உரியவன் மறைந்துவிட்டான். இன்று செய்யும் நாற்காலிகளுக்கும் இக்கதி நேர வேண்டுமா?

மதுரை வாசிகளுக்கு ஒரு யோசனை கூறுகிறோம். வீட்டுக்கு ஒரு நாற்காலியோ குழந்தைக்கு ஒரு மேஜையோ வேண்டுமானால், விலைப் பட்டியலைப் புரட்டுவதற்கு முன் உங்கள் தெருத் தச்சரைக் கூப்பிடுங்கள். திருப்பரங்குன்றத்துக்கு அருகே விளாச்சேரியில் கொலுப் பொம்மைகளுக்குக் கண் திறக்கும் கைகள் இருக்கின்றன. வர்ணத்துக்கு அவர்களை நாடலாம். மெத்தை உறைக்கு 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற நமது சுங்கடி இருக்கிறது. படம் எழுதத் தெரிந்த பெண்ணோ பிள்ளையோ வீட்டிலிருந்தால், அவர்களையும் தச்சரோடு உட்கார்த்தி வையுங்கள். குழந்தைகள் எதையும் கடிப்பவர்கள். ஆதலால் ஈயம் கலவாத வர்ணமாகக் கேட்டு வாங்குங்கள். பேசிய கூலியில் பேரம் பேசிக் குறைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. வேலை முடிந்ததும் பலகையின் அடியில் சித்திரக்காரரின் பெயரையும் தச்சரின் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அதற்குச் செலவு ஒரு துளி வர்ணம்தான்.