சோக்கா ஸ்டார்ட் ஆகணுமா?

ஸ்கூட்டரை ஒரு பக்கமாகச் சாய்த்து, சோக்கை இழுத்துவிட்டு, குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு நாலு உதை. ஒரு காலத்தில் நம் தெருக்களில் காலை எட்டரை மணிக் காட்சி இதுதான். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தது. புது டூ-வீலர்களில் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வந்து உட்கார்ந்துகொண்டது. இன்றைய பையன்களில் பலர் சோக்கைப் பார்க்காமலே பைக் ஓட்டுகிறார்கள். கொடுத்து வைத்தவர்கள்!

நம்மூர் லாரிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது டீசல் ஜாதி. கார்புரேட்டரே இல்லாதபோது சோக் எங்கிருந்து வரும்? அமெரிக்காவில் கதை வேறு. அங்கே ‘பிக்கப்’ என்று பின்னால் தொட்டி வைத்த சின்ன டிரக், பெரும்பாலும் பெட்ரோலில்தான் ஓடும். 1970களின் ஃபோர்டு எஃப்-100, செவர்லே சி-10 இரண்டையும் இன்னும் செல்லப்பிள்ளை மாதிரி வைத்திருப்பவர்கள் உண்டு. மினசோட்டா மாநிலத்தின் வடக்கே, ஜனவரியில் மைனஸ் 20 டிகிரி குளிரில் அதைக் கிளப்பிப் பாருங்கள். நம் ஸ்கூட்டர் எவ்வளவோ தேவலை என்பீர்கள்.

காரணம் இதுதான். எரிவது பெட்ரோல் அல்ல, பெட்ரோலின் ஆவி. சூடான எஞ்சினில் சுமார் 14.7 கிலோ காற்றுக்கு 1 கிலோ பெட்ரோல் போதும். குளிரில் பெட்ரோல் ஆவியாகாமல், போகும் வழியில் குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொள்கிறது. அதனால் பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுத்தால்தான் பற்றிக்கொள்ள வேண்டிய ஆவியாவது உள்ளே போய்ச் சேரும். அதற்கு, கார்புரேட்டரின் வாயில் ஒரு தகடு. மூடினால் காற்று குறையும், உறிஞ்சல் கூடும், பெட்ரோல் நிறைய வரும். கழுத்தை நெரிக்கிற காரியம். சோக் என்று சும்மாவா பெயர் வைத்தான்!

அந்த டிரக்குகள் பலவற்றில் சோக்கைக் கையால் இழுக்க வேண்டாம், ஆட்டோமேட்டிக். கார்புரேட்டரின் பக்கவாட்டில் கறுப்பாக ஒரு வட்ட மூடி இருக்கும். உள்ளே இரண்டு உலோகம் ஒட்டிய சுருள். நம் இஸ்திரிப் பெட்டியில் சூடு ஏறியதும் ‘டிக்’கென்று கரண்டை நிறுத்துகிறதே, அதே தத்துவம். குளிரில் சுருண்டு தகட்டை மூடும். சூடு ஏறினால் தளர்ந்து திறக்கும்.

இதைச் சரிசெய்வது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்த வண்டியாக இருக்க வேண்டும், அது முக்கியம். ஏர் க்ளீனரைக் கழற்றுங்கள். ஆக்ஸிலரேட்டரை ஒரு தடவை முழுக்க மிதித்து விடுங்கள். இப்போது தகடு லேசாக வந்து மூடிக்கொள்ள வேண்டும். மூடவில்லையா? வட்ட மூடியின் மூன்று ஸ்க்ரூவைத் தளர்த்தி, ‘ரிச்’ என்று அம்பு காட்டும் பக்கம் ஒரே ஒரு கோடு திருப்பி முடுக்குங்கள். ஒரு தடவைக்கு ஒரு கோடுதான். நம்மாட்கள் மாதிரி ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று போகக்கூடாது.

பலரும் இத்தோடு முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொள்கிறார்கள். முக்கியமான பாதி இனிமேல்தான். எஞ்சின் பிடித்தவுடன் தகடு ஒரு விரிசல் அளவு திறக்க வேண்டும், இல்லாவிட்டால் மூச்சு முட்டி நின்றுவிடும். நன்றாகச் சூடான பின் தகடு செங்குத்தாக, முழுக்கத் திறந்து நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கறுப்புப் புகை வரும், ஸ்பார்க் ப்ளக்கில் கரி பிடிக்கும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிக்கொண்டு போகும். மைலேஜைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அப்போது ‘லீன்’ பக்கம் ஒரு கோடு திருப்பிவிட்டு, மறுநாள் காலை குளிரில் மறுபடி சோதிக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் பஸ்ஸில் போகலாம்.

இதில் விளையாட்டில்லாத ஒரு விஷயம் உண்டு. காற்று பற்றாமல் பெட்ரோல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு எக்கச்சக்கமாக வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். குளிருக்குப் பயந்து கராஜுக்குள்ளேயே எஞ்சினை ஓடவிட்டவர்களுக்கு முதலில் தலைவலி வரும், அப்புறம் தூக்கம் வரும், அந்தத் தூக்கம் கலையாமலே போய்விடும். கதவைத் திறந்து வைத்தால் போதாது. வண்டியை வெளியே தள்ளிவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும். நம்மூரில் ஷட்டர் போட்ட ஷெட்டில் பழைய அம்பாசடரையோ ஸ்கூட்டரையோ ‘கொஞ்சம் ஓடட்டும்’ என்று விடுகிறவர்களுக்கும் இதேதான் சட்டம்.

கிளம்புகிற வரைக்கும் கழுத்தைப் பிடி, சூடு பிடித்ததும் ஒதுங்கிக்கொள். சோக்குக்கு இவ்வளவுதான் வேலை. நம் ஆபீஸ் சூப்பர்வைசர்களுக்கும் கடவுள் அந்த மூன்று ஸ்க்ரூவை எங்காவது வைத்திருக்கலாம்!