மடியில் கனமும் வழியில் பயமும்

குற்றமற்றவன் விசாரணைக்கு அஞ்சுவானேன் என்னும் அபிப்பிராயம் கற்றோர், மற்றோர் என்ற பேதமின்றி நம் நாட்டில் வேரூன்றியிருக்கிறது. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்ற பழமொழியை அதற்குச் சாட்சியாக இழுத்துவருவோரும் உண்டு. வழிப்பறிக்காரனே வழிக்காவலனாகவும் இருந்துவிட்டால் வெறும் மடியால் என்ன பயன் என்று அவர்கள் சிந்திப்பதில்லை.

2009ஆம் ஆண்டின் முற்பகுதியில், புலிகளுக்கும் அரசாங்கத்துக்குமிடையே நடந்த போரின் இறுதி மாதங்களில், வன்னியின் புதுமாத்தளனிலும் பின்னர் முள்ளிவாய்க்காலிலும் பள்ளிக்கூடங்களையே வைத்தியசாலைகளாக்கி, தறப்பாளின் கீழும் மரநிழலிலும் கிடத்தப்பட்ட காயக்காரருக்கு, மயக்கமருந்தும் குருதியும் போதாத நிலையிலும் சத்திரசிகிச்சை செய்துகொண்டிருந்த சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா முதலிய வைத்தியர்கள் அரசாங்கச் சம்பளம் பெற்ற உத்தியோகத்தர்களே. அத்தியாவசிய மருந்து வந்திருந்தால் பல மரணங்களைத் தவிர்த்திருக்கலாம் என்று அவர்களுட் சிலர் மேலிடத்துக்கு எழுதினர், செய்தியாளரிடமும் கூறினர். அந்த மார்ச்சு மாதத்தில் சுகாதார அமைச்சிடமிருந்து அவர்களுக்குக் கிடைத்தது ஒழுக்காற்று நடவடிக்கை பற்றிய எச்சரிக்கை. மருந்து அனுப்பக் கடமைப்பட்ட அமைச்சே, மருந்தில்லை என்றவர்மேல் வழக்காளியாக எழுந்து நின்றால், தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகலாகாது என்ற இயற்கை நீதிக்கு அங்கே என்ன இடம்?

மே மாதம் போர்க்களத்திலிருந்து வெளியேறி வந்த அவ்வைத்தியர்கள் தடுத்துவைக்கப்பட்டனர். யூலை 8ஆம் திகதி கொழும்பில் பத்திரிகையாளர்முன் அவர்களுள் ஐவர் நிறுத்தப்பட்டு, தாம் முன்பு கூறிய பொதுமக்கள் இழப்புத் தொகைகள் புலிகளின் நிர்ப்பந்தத்தால் மிகைப்படுத்தப்பட்டவை என்றனர். பிணை கிடைத்தது ஆகஸ்டில்தான். சாதாரண வழக்கொன்றில், பொலிஸ் காவலில் உள்ளவன் நீதவான் முன்னிலையிலன்றிச் செய்யும் குற்ற ஒப்புதலை அவனுக்கு எதிராக நிரூபிக்க நமது சாட்சிக் கட்டளைச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. திருடனுக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பை வைத்தியனுக்கு அளிக்க நம்மவர் மனம் ஒப்பவில்லை. காவலிலிருந்து பேசிய பேச்சை அன்றைக்கே உண்மையென்று ஏற்றனர்!

சத்தியமூர்த்தி பின்னாளில் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் பணிப்பாளரானாரே, நிரபராதிக்கு என்ன கெட்டுப்போயிற்று என்று வாதிப்போர்க்குக் குருநாகலைக் காட்டுகிறேன். 2019 மே மாதத்தில் ஒரு பத்திரிகைச் செய்தியைத் தொடர்ந்து, பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற அபவாதத்துக்கு இலக்கான குருநாகல் வைத்தியசாலை வைத்தியர் ஷாபி கைதானார். கட்டாய விடுமுறையில் அனுப்பப்பட்டார். ஆதாரமில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே சில வாரங்களில் நீதிமன்றுக்கு அறிவித்தும், அவர் மீண்டும் சேவையிற் சேர்க்கப்படப் பல ஆண்டுகளாயின. நிலுவைச் சம்பளமாகக் கிடைத்த 26 இலட்சத்துக்கும் மேற்பட்ட ரூபாயை மருந்து வாங்கவே அவர் கொடுத்துவிட்டார். அவர் மடியில் என்ன கனம் இருந்தது? பல வருடத் தண்டனையோ தீர்ப்பில்லாமலே நிறைவேறிற்று.

கவனயீனத்தால் நோயாளியைக் கொன்றவனைப் பதிவேட்டிலிருந்து நீக்கத்தான் வேண்டும்; அதில் எனக்கு விவாதமில்லை. ஆனால் விசாரணை முடியும்வரை சம்பளத்தை நிறுத்தாதிருக்கவும், குற்றஞ்சாட்டிய திணைக்களத்துக்கு வெளியேயுள்ளவரே விசாரிக்கவும், உயிர்காக்கும் மருந்தில்லை என்று கூறுவதைக் குற்றமாகக் கொள்ளாதிருக்கவும் அரசாங்க உத்தியோகத்தருக்கான தாபன விதிக்கோவையைத் திருத்துமாறு வைத்தியர் சங்கங்களே முதலிற் கோரவேண்டும்.