கண்ணாடி செய்து தராமல் மருத்துவமனைக்கு அனுப்புகிறவர்



ஆண்டுதோறும் சுகாதாரக் கிளினிக்கிலிருந்து தாதியர் குழு நம் பள்ளிகளுக்கு வருகிறது. முதலாம் ஆண்டு மாணவர்களை அட்டையின் முன் நிறுத்தி, ஒரு கண்ணை மூடச் செய்து பார்வையைச் சோதிக்கிறது. குறை தென்பட்ட பிள்ளையிடம் கடிதம் கொடுத்தனுப்பப்படுகிறது. கடிதத்தோடு பெற்றோரில் பலர் செல்லுமிடம் பட்டணத்துக் கண்ணாடிக் கடைதான். அதில் பிழையில்லை. ஆனால் அக்கடையில் நம் பிள்ளையின் கண்ணைப் பார்ப்பவர் யார், அவர் எதுவரை பார்க்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை நம்மில் பலர் கேட்பதில்லை.

1991ஆம் ஆண்டின் ஒப்டிக்கல் சட்டத்தின்படி ஒப்டிஷியன், ஒப்டோமெட்ரிஸ்ட் ஆகிய இருவருமே மலேசிய ஒப்டிக்கல் மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இருவரும் ஒருவரல்லர். ஒப்டோமெட்ரிஸ்ட் பல்கலைக்கழகத்தில் கண்ணைப் பற்றிப் பயின்றவர். கண்ணாடி அளவு பார்ப்பதோடு நோயின் அறிகுறிகளையும் கண்டறியப் பயிற்சி பெற்றவர். நோய்க்கு மருந்து கொடுப்பதும் அறுவை செய்வதும் இங்கே கண் மருத்துவரின் பணி.

எல்லா நாட்டிலும் இப்படியில்லை. அமெரிக்காவின் மேற்கு வெர்ஜினியா மாநிலம் 1976இலேயே ஒப்டோமெட்ரிஸ்ட் மருந்து கொடுக்கச் சட்டம் இயற்றியது. 1998க்குள் மற்ற மாநிலங்களும் ஏதேனும் ஓரளவில் அவ்வுரிமையை வழங்கிவிட்டன. பிரிட்டனில் கூடுதல் தகுதி பெற்றவர்கள் மருந்து எழுதுகிறார்கள். இங்கும் அவ்வுரிமை வேண்டும் என்போர் உண்டு. அவர்களோடு எனக்குப் பகையில்லை. எனினும் நம் பிள்ளைகளுக்கு முதலில் தேவைப்படுவது மருந்து எழுதும் கையன்று. காலந்தாழ்த்தாமல் பரிந்துரைக் கடிதம் எழுதும் கை என்பதே என் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டு. சில பிள்ளைகள் வகுப்பில் எந்நேரமும் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வாமையால் வரும் அரிப்பு அது. அப்பிள்ளைக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை கண்ணாடி எண் மாறுகிறது. அதுவும் கோணலான பார்வைக்குரிய ‘சிலிண்டர்’ எண் ஏறிக்கொண்டே போகிறது என்றால், அது கெராட்டோகோனஸாக இருக்கக்கூடும். விழியின் முன்புறமுள்ள தெளிந்த படலமாகிய கோர்னியா மெலிந்து கூம்பு போல முன்தள்ளும் நோய் இது. பெரும்பாலும் பதின்ம வயதில் தலைகாட்டுகிறது. இங்கிலாந்தின் லெஸ்டர் வட்டாரத்தில் நடந்து 2000இல் வெளியான ஆய்வொன்றில், வெள்ளையரைவிட ஆசிய வம்சாவளியினரிடம் இந்நோய் ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுந்து காணப்பட்டது. அங்கே ஆசியர் எனப்பட்டோர் பெரும்பாலும் இந்தியத் துணைக்கண்டத்தவர். ஆகவே இது நமக்கு அயலான செய்தியன்று.

விழிப்புள்ள ஒப்டோமெட்ரிஸ்ட் ரெட்டினோஸ்கோப் ஒளியைக் கண்ணுக்குள் செலுத்தும்போதே ஐயுறுவார். உள்ளிருந்து திரும்பும் வெளிச்சம் கத்தரிக்கோல் திறந்து மூடுவது போல அசையும். கணினிப் பொறியில் எண்ணை மட்டும் பார்த்து அச்சிடுகிறவர் அதைக் காணமாட்டார். மீண்டும் ஒரு கண்ணாடி செய்து கொடுத்துவிடுவார். ரிபோஃப்ளேவின் சொட்டுமருந்திட்டுப் புறஊதாக் கதிரால் கோர்னியாவை இறுக்கும் ‘கிராஸ்லிங்க்கிங்’ சிகிச்சை இன்று உண்டு. இதன் முதல் மருத்துவ முடிவுகளை ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர்கள் 2003இல் வெளியிட்டார்கள். அது பெரும்பாலும் நோயை மேலும் வளராமல் நிறுத்துமே தவிர, இழந்த பார்வையை முழுமையாக மீட்டுத் தராது. அதனால்தான், கண்ணாடி மாற்றி மாற்றிக் கழிக்கும் ஒவ்வோர் ஆறு மாதமும் அப்பிள்ளைக்கு இழப்பு.

இனி, எல்லாவற்றுக்கும் மருத்துவமனைக்கு ஓட வேண்டுமா? வேண்டியதில்லை. சாதாரணக் கிட்டப்பார்வை, தூரப்பார்வை, திரை பார்த்துச் சோர்ந்த கண் ஆகியவற்றை ஒப்டோமெட்ரிஸ்டே செம்மையாகக் கவனிப்பார். அதற்கும் இதற்கும் நடுவே ஓர் இடம் உண்டு. சரியான கண்ணாடி அணிந்து சில மாதங்கள் கடந்தும் ஒரு கண் மட்டும் தெளியாத பிள்ளை. வீட்டிலிருந்து நெடுநாளாகச் சொட்டுமருந்து போட்டுவரும் பிள்ளை. இத்தகைய நேரத்தில் அவர் கண் மருத்துவரைக் கலந்துகொள்வதே முறை. ஸ்டீராய்டு கலந்த சொட்டுமருந்து அரிப்பை உடனே தணிக்கும். மேற்பார்வையின்றித் தொடர்ந்தால் கண்ணழுத்தத்தை உயர்த்தி நரம்பைக் கெடுக்கும். பிள்ளைக்கு வலியே தெரியாது. (தம்பிக்குக் கொடுத்த மருந்தை அண்ணனுக்கும் போடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் ஒழியவில்லை.)

ஒருநாளும் காத்திராமல் அனுப்ப வேண்டியவை வேறு. புகைப்படத்தில் ஒரு கண்ணின் பாவை வெண்மையாகத் தெரிந்தால் அது விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். புதிதாகத் தோன்றிய மாறுகண்ணையும் எளிதாக எண்ணக்கூடாது. பந்து பட்ட பின் மின்னலடிப்பது போலவோ கரும்புள்ளிகள் மிதப்பது போலவோ தெரிகிறது என்று பிள்ளை சொன்னால் அன்றே பார்க்க வேண்டும். இடைநிலைப்பள்ளி மாணவியர் அழகுக்காக வண்ணக் கான்டெக்ட் லென்ஸ் அணிகிறார்கள். கண் சிவந்து வலித்தால் லென்ஸைக் கழற்றிவிட்டு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். 2005, 2006ஆம் ஆண்டுகளில் சிங்கப்பூரில் லென்ஸ் அணிந்தோரிடையே பரவிய பூஞ்சைக் கண்நோயையும், அதன் தொடர்பில் லென்ஸ் கரைசல் ஒன்று சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டதையும் சிலர் நினைவில் வைத்திருப்பீர்கள்.

இங்கே பெற்றோரிடம் ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது. “கண்ணாடி வேண்டாம், முதலில் மருத்துவமனைக்குப் போங்கள்” என்று கடைக்காரர் சொன்னால், “இவருக்கு ஒன்றும் தெரியவில்லை” என்று முகம் சுளித்து அடுத்த கடைக்குப் போய்விடுகிறோம். அங்கே சிரித்த முகத்தோடு புதுச்சட்டம் காட்டுகிறார்கள். முதல் கடைக்காரருக்கு அன்று கிடைத்த வருமானம் ஒன்றுமில்லை. நல்ல பெயரும் இல்லை. இப்படியே போனால் யார்தாம் அனுப்புவார்கள்?

ஒப்டோமெட்ரிஸ்டுகளிடமும் ஒன்று கேட்கிறேன். “மருத்துவமனைக்குப் போங்கள்” என்று வாயால் சொல்வது போதாது. எதை ஐயுறுகிறீர்கள், எத்தனை நாளுக்குள் பார்க்க வேண்டும், முன்பு எண் என்ன, இப்போது என்ன என்பதைக் கடிதமாக எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். தோட்டப்புறத்திலிருந்து ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வரும் தாய், முகப்பில் உங்கள் சந்தேகத்தைத் தன் சொற்களால் விளக்க வேண்டிய நிலை வரக்கூடாது.

ஆசிரியர்களுக்கும் வேலை உண்டு. பிள்ளை எப்போதிலிருந்து கண்ணைக் கசக்குகிறான், எந்த வரிசையில் அமர்ந்தால் பலகை தெரிகிறது, தலையைச் சாய்த்துப் படிக்கிறானா என்று நான்கு வரி எழுதிப் பெற்றோரிடம் கொடுக்கலாம். பெற்றோர் பழைய கண்ணாடிகளையும் எண் எழுதிய சீட்டுகளையும் எறிந்துவிடாமல் ஓர் உறையில் போட்டு வைத்து, கடைக்கும் மருத்துவமனைக்கும் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள்.